125ஆம் தெருவில் பில்லி ஹாலிடே

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குப் போகிறவர்கள் 125ஆம் தெருவில் இருக்கும் அப்பல்லோ தியேட்டர் வாசலில் ஒரு போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. எல்லோரும் அண்ணாந்துதான் எடுப்பார்கள். எழுத்தெழுத்தாகக் கீழே இறங்கும் அந்த நியான் பலகை அப்படி இழுக்கும். குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. குனிந்தால், வாசல் பந்தலுக்குக் கீழே நடைபாதையில் வெண்கலத் தகடுகள் பதித்திருப்பது தெரியும். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஜேம்ஸ் பிரவுன், அரீதா ஃபிராங்க்ளின், மைக்கேல் ஜாக்சன் என்று அந்த மேடையில் நின்றவர்களின் பெயர்கள். 2010இல் இந்த வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் தகடு 2015 ஏப்ரலில், அவருடைய நூறாவது பிறந்தநாளை ஒட்டிப் பதிக்கப்பட்டது.

பெயரை மிதித்துக்கொண்டு போகிறார்களே என்று நமக்கு ஒரு கூச்சம் வரத்தான் செய்கிறது. காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் இல்லையா! ஆனால் நம்மூர்க் கோயில் படிக்கட்டுகளிலும் உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள், வருகிறவர்களின் பாதம் படட்டும் என்று. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டு தாண்டிப் போனேன். ஊதுபத்தியும் ஷியா பட்டரும் விற்கிறவர்கள் கடை விரித்திருக்கும் தெரு அது. அங்கே யாரும் யாருக்காகவும் நின்று வழிவிடுவதில்லை.

எனக்கு இந்தத் தகடு பிடித்திருப்பதற்குக் காரணம் அது இருக்கும் இடம். பெரிய பாடகி, பெரிய தியேட்டர், அதனால் ஒரு தகடு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் பில்லி வாழ்ந்த கடைசி 12 வருடங்களில் நியூயார்க்கில் அவர் சட்டப்படி பாட முடிந்த இடங்கள் மிகக் குறைவு. அந்தக் குறைந்த இடங்களில் ஒன்றின் வாசலில்தான் பெயரைப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கதை தெரியாமல் தகட்டைப் பார்த்தால் அது வெறும் வெண்கலம்.

முதலில் தியேட்டரைப் பற்றிக் கொஞ்சம். 1914இல் திறந்தபோது அது வெள்ளைக்காரர்களுக்கான பர்லெஸ்க் கொட்டகை, அதாவது கேலியும் கவர்ச்சி ஆட்டமும் கலந்த நிகழ்ச்சிகள் நடத்தும் இடம். கறுப்பினத்தவர் உள்ளே வந்து உட்கார முடியாது. சுற்றிலும் ஹார்லெம் கறுப்பினத்தவரின் ஊராக மாறிக்கொண்டிருக்க, நடுவில் இப்படி ஒரு கொட்டகை. 1934 ஜனவரியில் கைமாறி, அப்பல்லோ என்ற பெயரில், ஹார்லெம் மக்களுக்காகவே திறந்தார்கள். சுமார் 1,500 இருக்கைகள். புதன்கிழமை இரவுகளில் புதியவர்களுக்கான போட்டி. மேடையோரம் ஒரு மரத்துண்டு இருக்கும், அதைத் தடவிவிட்டுத்தான் மேடையேறுவார்கள். பக்கத்து நிழற்சாலையில் ராசியான மரம் என்று கலைஞர்கள் நம்பிய ஒன்றை வெட்டியபோது எடுத்து வைத்த துண்டு அது. 1934 நவம்பரில் 17 வயது எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அங்கே ஆட வந்தார். தனக்கு முன்னால் ஆடியவர்களைப் பார்த்து மிரண்டு, ஆட்டத்தை விட்டுவிட்டுப் பாடி, பரிசு வாங்கிக்கொண்டு போனார். சபைக்குப் பிடிக்கவில்லை என்றால் கத்திக் கூச்சல் போட்டே இறக்கிவிடுவார்கள். இரக்கமெல்லாம் கிடையாது.

பில்லி போட்டி வழியாக வந்தவர் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து பால்டிமோரில் வளர்ந்தவர். இயற்பெயர் எலனோரா ஃபேகன். சின்ன வயதில் பட்ட பாட்டை விரித்து எழுத எனக்கு மனமில்லை. எத்தனையோ பேர் அதையே திரும்பத் திரும்ப எழுதி, பாட்டை விட அழுகையைப் பெரிதாக்கிவிட்டார்கள். அம்மாவோடு ஹார்லெம் வந்து, 133ஆம் தெருக் கிளப்புகளில் மேஜை மேஜையாகப் போய்ப் பாடிக்கொண்டிருந்தார். 1933இல் ஜான் ஹாமண்ட் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் கேட்டுவிட்டு, அதே வருடம் பென்னி குட்மேன் குழுவோடு பாடவைத்துப் பதிவு செய்தார். அப்போது பில்லிக்கு வயது 18. 1935இல் அப்பல்லோ மேடை.

அந்தக் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய குரல் இல்லை. ஒன்றேகால் ஸ்தாயி போனால் அதிகம். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு முதலில், ‘இவ்வளவுதானா?’ என்றுகூடத் தோன்றும். எனக்குத் தோன்றியது. அப்புறம் தாளத்தைக் கவனித்தால்தான் விஷயம் பிடிபடும். டிரம்ஸும் பாஸும் அடி பிசகாமல் போய்க்கொண்டே இருக்கும். இவர் சொல்லைக் கொஞ்சம் பிந்தி வைப்பார். விழுந்துவிடப் போகிறது என்று நாம் பதறும்போது, வரி முடியும் இடத்தில் சரியாக வந்து சேர்ந்திருப்பார். எந்தச் சொல்லை இழுப்பது, எதைச் சும்மா பேசுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவது என்று ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவு செய்கிற பாட்டு. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். லெஸ்டர் யங்கின் சாக்ஸஃபோனும் இவர் குரலும் சேர்ந்து ஒலிக்கும் 1937ஆம் வருடப் பதிவுகளில், யார் யாரைத் தொடர்கிறார்கள் என்றே சொல்ல முடியாது. ‘லேடி டே’ என்று பெயர் வைத்தவர் லெஸ்டர். பதிலுக்கு இவர் அவரை ‘பிரெஸ்’ என்றார், ஜனாதிபதி என்ற பொருளில். இரண்டு பெயரும் கடைசி வரை ஒட்டிக்கொண்டன.

1939இல் டவுன்டவுனில், கஃபே சொசைட்டி என்ற கிளப்பில், ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ (விசித்திரக் கனி) என்ற பாட்டைப் பாட ஆரம்பித்தார். கறுப்பினத்தவரும் வெள்ளைக்காரரும் கலந்து உட்காரலாம் என்று வெளிப்படையாக அறிவித்து நடத்திய கிளப் அது. பிராங்க்ஸில் பள்ளி ஆசிரியராக இருந்த ஏபெல் மீரோபோல் எழுதிய பாட்டு. தெற்கு மாநிலங்களில் கும்பல் கூடிக் கறுப்பினத்தவரை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்டதைப் பற்றியது. நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டு இதுதான். பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்குகளை அணைத்து, முகத்தில் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம். பாடி முடித்ததும் அதுவும் அணையும். திரும்ப எரியும்போது மேடையில் ஆள் இருக்க மாட்டார். எவ்வளவு கைதட்டினாலும் திரும்பி வர மாட்டார். அவர் ஒப்பந்தத்தில் இருந்த கொலம்பியா நிறுவனம் இதைப் பதிவு செய்ய மறுத்துவிட்டது. கமடோர் என்ற சின்ன நிறுவனம்தான் தட்டாக வெளியிட்டது.

இதே பாட்டை அப்பல்லோவில் பாட வேண்டாம் என்றுதான் உரிமையாளர் ஃபிராங்க் ஷிஃப்மேன் நினைத்தாராம், ரகளை ஆகிவிடும் என்ற பயம். பில்லி பாடினார். ஷிஃப்மேனின் மகன் பிற்பாடு அதை எழுதி வைத்திருக்கிறார். கடைசிச் சொல் முடிந்ததும் மூச்சை அடைக்கிற மாதிரி ஓர் அமைதி. பிறகு இதுவரை அவர் கேட்டிராத ஒரு சலசலப்பு. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் ஒன்றாகப் பெருமூச்சு விட்ட சத்தம் அது என்கிறார். கஃபே சொசைட்டியில் அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் பலருக்கு அது செய்தி. 125ஆம் தெருவில் கேட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெற்கே சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள், எத்தனை பேர் அங்கிருந்து தப்பித்து வந்தவர்களாக இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் அந்தப் பெருமூச்சின் கனம் புரியும்.

1940களில் அவருடைய ராஜ்யம் 52ஆம் தெரு. ஐந்தாவது அவென்யூவிலிருந்து மேற்கே வரிசையாகப் பழைய செங்கல் வீடுகள், ஒவ்வொன்றின் அடித்தளத்திலும் ஒரு கிளப். ஆனிக்ஸ், த்ரீ டியூஸஸ், ஃபேமஸ் டோர் என்று பெயர்கள். ஒரு கிளப்பிலிருந்து வெளியே வந்து நாலு எட்டு வைத்தால் அடுத்த கிளப்பில் வேறு ஒரு மேதை வாசித்துக்கொண்டிருப்பார். போதைப்பழக்கமும் அந்த வருடங்களில்தான் அவரை முழுசாகப் பிடித்தது. மத்திய அரசின் போதைத் தடுப்புப் பிரிவுக்குத் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். ஜாஸ்காரர்கள் என்றாலே அவருக்கு ஆகாது. அந்தப் பிரிவு பில்லியின் மேல் ஒரு கண் வைத்தே இருந்தது. 1947 மே மாதம் கைது. ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் சிறைத்தண்டனை விதித்தார்கள். மேற்கு வர்ஜீனியாவில் ஆல்டர்சன் பெண்கள் சிறை. அங்கே இருந்தவரை ஒரு பாட்டுகூடப் பாடவில்லை என்று பின்னால் சொன்னார்.

1948 மார்ச்சில் வெளியே வந்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் கார்னகி ஹாலில் கச்சேரி. டிக்கெட் முழுதும் விற்று, மேடையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைக்கும் அளவுக்குக் கூட்டம். சரி, மீண்டுவிட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

இங்கேதான் ஓர் அட்டை குறுக்கே வருகிறது. அன்றைய நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் பாட்டோ நடனமோ வாத்தியமோ எதுவானாலும், அங்கே வேலை செய்ய போலீஸ் கொடுக்கும் ‘கேபரே கார்டு’ கையில் இருக்க வேண்டும். பாடுகிறவருக்கு மட்டும் இல்லை, பரிமாறுகிறவருக்கும் சேர்த்துத்தான். காவல்துறை அலுவலகத்துக்குப் போய், கைரேகை கொடுத்து, போட்டோ எடுத்து வாங்க வேண்டும். அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். போதைப்பொருள் வழக்கில் சிக்கினால் அட்டை போய்விடும். திரும்பக் கொடுப்பதா வேண்டாமா என்பது போலீஸின் இஷ்டம். நீதிபதி கொடுத்த தண்டனையை அனுபவித்து முடித்தவருக்கு மேலே இன்னொரு தண்டனை. இதற்கு நீதிபதியும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை.

ஓவியனுக்குத் தூரிகை பிடிக்க ஸ்டேஷனில் அனுமதி வாங்கச் சொன்னால் சிரிப்போம். ஜாஸ் பிழைத்ததே கிளப்பில்தான். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும் வரை, வாரக்கணக்கில் ஒரே மேடையில் பாடித்தான் வாடகை கட்டினார்கள், பாட்டையும் வளர்த்தார்கள். அட்டை இல்லை என்றால் வருமானமும் போச்சு, சாதகமும் போச்சு. பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க் 1951இல் அட்டையை இழந்தார். காரில் கிடைத்த போதைப்பொருள் அவருடையது இல்லை என்று பலரும் சொல்கிறார்கள். கூட இருந்த நண்பரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்குக் கொடுத்த விலை அது. 1957 வரை ஊரில் ஒரு கிளப்பில் உட்கார்ந்து முறையாக வாசிக்க முடியவில்லை. சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கருக்கும் அட்டை போனது. பில்லிக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. நடுவில் ஒரு கிளப்பில் அட்டை இல்லாமலே கொஞ்ச நாள் பாடினார். கண்டும் காணாமல் விட்டார்கள். யாருடைய செல்வாக்கு என்பதெல்லாம் வேறு கதை. மற்றபடி 1948லிருந்து இறக்கும் வரை, குடியிருந்த ஊரிலேயே கிளப் மேடை இல்லாத பாடகி அவர். எதிர்த் தெருவில் கச்சேரி நடந்தால் டிக்கெட் வாங்கிக் கேட்கலாம், ஏறிப் பாடக் கூடாது. பாட வேண்டும் என்றால் பாஸ்டன், சிகாகோ, சான்ஃபிரான்சிஸ்கோ. 1954இல் ஐரோப்பாவுக்கும் போய்ப் பாடிவிட்டு வந்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஓயாத பயணம். போதையிலிருந்து மீள நினைக்கும் ஓர் உடம்புக்கு இதைவிடக் கெட்டது இருக்க முடியாது.

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. அட்டை, மது விற்கும் இடத்துக்குத்தான். தியேட்டருக்குத் தேவையில்லை. அதனால்தான் கார்னகி ஹால். அதனால்தான் அப்பல்லோ. 1948க்குப் பிறகு அவர் அப்பல்லோவுக்குத் திரும்பத் திரும்ப வந்ததற்குப் பாசம் ஒரு காரணம் என்றால் இந்தச் சந்து இன்னொரு காரணம். 125ஆம் தெரு வாசலில் கிடக்கும் அந்தத் தகட்டின் மேல் நின்றபோது எனக்கு ஓடியது இந்தக் கணக்குதான். ‘இங்கே பாடினார்’ என்று எங்கே வேண்டுமானாலும் தகடு வைக்கலாம். ‘வேறெங்கும் பாட விடாதபோதும் இங்கே பாடினார்’ என்று சொல்ல நியூயார்க்கில் ஒரு சில வாசல்களே உண்டு.

டெலிவிஷன் ஸ்டூடியோவுக்கும் அட்டை தேவையில்லை. 1957 டிசம்பர் 8 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஜாஸ் பற்றி ஒரு மணி நேர நேரடி ஒளிபரப்பு. அதில் பில்லி தானே எழுதிய ஒரு ப்ளூஸ் பாடினார். வட்டமாக நிற்கும் வாத்தியக்காரர்களின் நடுவே உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பென் வெப்ஸ்டர், கோல்மன் ஹாகின்ஸ், ஜெர்ரி மல்லிகன், ராய் எல்ட்ரிட்ஜ் என்று ஆளாளுக்கு ஒரு சுற்று. லெஸ்டர் யங்கும் இருக்கிறார். உடம்பு முடியாமல், பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தவர் தன் முறை வந்ததும் எழுந்து வந்து ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். மற்றவர்கள் நிறைய ஸ்வரம் கொட்டிய இடத்தில் இவர் எண்ணி எண்ணிச் சில ஸ்வரங்கள். காமிரா பில்லியின் முகத்துக்குப் போகிறது. உதட்டைக் கடித்து, லேசாகத் தலையாட்டி, புருவத்தை உயர்த்தி, ‘ஆமாம், அதேதான்’ என்பது போல் ஒரு சிரிப்பு. இருவரும் பல வருடங்களாக நெருக்கம் விட்டுப்போய் இருந்தவர்கள். இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். ஜாஸ் கேட்காதவருக்குக்கூட அந்த முகம் புரியும். லெஸ்டர் 1959 மார்ச்சில் போய்ச் சேர்ந்தார்.

பில்லி கடைசியாக மேடையேறியது அதே வருடம் மே 25 அன்று, கிரீனிச் வில்லேஜ் பக்கம் ஃபீனிக்ஸ் தியேட்டரில், ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில். கவனியுங்கள், அதுவும் தியேட்டர்தான். அதற்கு மேல் முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் மயங்கி விழுந்து மருத்துவமனை. கல்லீரலும் இதயமும் கெட்டிருந்தன. ஜூனில் படுக்கையிலேயே கைது செய்தார்கள், அறையில் போதைப்பொருள் இருந்ததாகச் சொல்லி. கைரேகை எடுத்தார்கள். வாசலில் காவல் போட்டார்கள். நீதிமன்றம் சொல்லித்தான் காவலை எடுத்தார்கள். ஜூலை 17 விடிகாலையில் இறந்தார். வயது 44. வங்கிக் கணக்கில் 70 சென்ட். உடம்போடு ஒட்டி வைத்திருந்த நோட்டுகள் 750 டாலர்.

பால்டிமோரில் பென்சில்வேனியா அவென்யூவில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. 1985இல் வைத்தது. பீடத்தில் கும்பல் கொலையைக் காட்டும் புடைப்புச் சிற்பமும் வேண்டும் என்றார் சிற்பி ஜேம்ஸ் எர்ல் ரீட். அது அப்போது நடக்கவில்லை. பல வருடம் கழித்து, 2009இல்தான் பீடம் அவர் நினைத்தபடி அமைந்தது. பாடகியைக் கொண்டாட எல்லோரும் தயார், பாடியதைப் பக்கத்தில் வைக்கத்தான் யோசிக்கிறார்கள். அப்பல்லோ தகட்டிலும் போலீஸ் அட்டை பற்றிய பேச்சில்லை. ஒரு தியேட்டர் தன் வாசலில் அதை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்பது எனக்கும் தெரியும். எழுத வேண்டியது நகரம். அட்டை கொடுத்த அலுவலகம் எங்கே இருந்ததோ அந்த நடைபாதையில் ஒரு தகடு பதித்து, அட்டை மறுக்கப்பட்டவர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன். பில்லி, மாங்க், பார்க்கர் என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் கொஞ்சம். தெரியாமலே தொழிலை விட்டுப் போன சமையல்காரர், பரிமாறியவர், டிரம்ஸ்காரர் எத்தனை பேரோ.

கார்டு முறையை 1967இல் ஒழித்தார்கள். பில்லி இறந்து எட்டு வருடம் கழித்து. ஆனால் அதற்குத் தாய்ச்சட்டமாக இருந்த 1926ஆம் வருட கேபரே சட்டம் வேறு வடிவத்தில் தொடர்ந்தது. தனி உரிமம் இல்லாத இடங்களில் வாடிக்கையாளர்கள் நடனமாடக் கூடாது என்று இந்த நூற்றாண்டிலும் கடைகளுக்கு அபராதம் போட்டார்கள். அது ரத்தானது 2017இல். அதாவது 2015இல் அப்பல்லோ வாசலில் பில்லியின் தகட்டைப் பதித்தபோது, அந்தச் சட்டம் நகரத்தின் சட்டப் புத்தகத்தில் உயிரோடுதான் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஏ ரயிலில் 125ஆம் தெருவில் இறங்கிக் கிழக்கே கொஞ்சம் நடந்தால் போதும். 52ஆம் தெருவுக்குப் போய்த் தேடாதீர்கள், அந்தக் கிளப் வீடுகளை இடித்து அலுவலகக் கோபுரங்கள் கட்டி வெகுகாலம் ஆகிறது. கேட்க நினைப்பவர்களுக்கு: 1958இல் வந்த ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்திலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். குரல் உடைந்த பிறகு பாடியது. அதைத்தான் உச்சம் என்று தூக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, வலியைக் கேட்டு ரசிக்கிற பழக்கம் அது என்று படுகிறது. 1937இல் டெடி வில்சன் பியானோவும் லெஸ்டர் யங் சாக்ஸஃபோனும் கூட இருக்க, 22 வயதில் பாடியவற்றை முதலில் கேளுங்கள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்தான். சந்தோஷமான பாட்டுகள் பல அதில் உண்டு.